ஈரத்துண்டுச் சோதனை

வரைபடக்காரி ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பாள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில், அதனால் தெருவில் அந்தப் பெயர். பிடிவாதக்காரி என்று வைத்திருந்தாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். இந்த முறை அவள் நின்றது தம்பிக்காக.

தம்பிக்கு வீட்டில் மந்திரி என்று பெயர். கேட்காமலே ஆலோசனை சொல்கிறவனை வேறு எப்படி அழைப்பது? சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சக்கர நாற்காலி. ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்துக் கொடுக்கிறான். அகராதிகளைப் புரட்ட அவன் நூலகத்துக்குப் போகாத நாள் குறைவு. அந்த நூலகத்தின் முன்வாசலில் படிகள். மந்திரி பின்பக்கமாகச் சுற்றிப் போய், ஜெனரேட்டர் அறையையும் குப்பைத் தொட்டிகளையும் தாண்டி, ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால் மணியடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காவலாளி வந்தால் கதவு திறக்கும். டீ குடிக்கப் போயிருந்தால் திறக்காது. மழை பெய்தாலும் இதேதான்.

அந்த நூலகத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த அன்றே வரைபடக்காரி போய்ப் பார்த்தாள். முன்னால் அரண்மனைக்குப் போடுவது போல் அகலமான படிகள். சாய்வுப்பாதை எங்கே என்று தேடினால், பின்பக்கம். ஜெனரேட்டர் அறையை ஒட்டி, குப்பைத் தொட்டிகளைச் சுற்றி, மணியடிக்கிற கதவுக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மந்திரி சிரித்தான். "பழைய குருடி கதவைத் திறடி. விடுக்கா, மணியாவது புதுசா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டடப் பொறியாளரைப் போய்ப் பார்த்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "சாய்வுப்பாதை இருக்கேம்மா. விதிப்படி அகலம், விதிப்படி சரிவு. இன்னும் என்ன வேணும்?" என்று வரைபடத்தில் அந்தக் கோட்டை விரலால் ஓட்டிக் காட்டினார். கண்ணிமைக்கிற நேரத்தில் விரல் வாசலிலிருந்து பின்கதவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காகிதத்தில் விரல் போகிற பாதையில் ஆளும் போய்விடலாம் என்று நினைக்கிறவரிடம் பேசிப் பயனில்லை. இவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, அந்தப் பாதையில் முழுக்கப் போகவைக்க வேண்டும். காட்சிக் கண்ணாடியான ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கட்டாத கட்டடத்துக்குள்ளும் நடமாடலாம் என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். நூலகக் குழுவின் தலைவரிடம் போய் நின்று, கடைசிக் கூட்டத்தில் தனக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில்தான் அவர் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு கான்கிரீட் வந்துவிடும். கான்கிரீட்டிடம் யார் பேச முடியும்?

அலுவலகத்தில் ஒரு தோழியிடம் ஹெட்செட்டை இரவல் வாங்கினாள். புதிய நூலகத்தைத் தன் கம்ப்யூட்டருக்குள் செங்கல் செங்கலாகக் கட்டினாள். தொட்டிகள், ஈரச் சுவர், ஜெனரேட்டரின் இரைச்சல், மணி, எதையும் விடவில்லை. கதவுக்கு முன்னால் காத்திருக்கிற நேரத்தைப் பற்றி மட்டும் தம்பியிடம் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்னு வைக்கட்டும்?"

"எனக்கு ஆகுற நேரத்தையே வை. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

முதல் ஒத்திகைக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவனும் அவன்தான். தலையைத் திருப்பினான். படம் ஒரு துளி தாமதமாக, திக்கித் திக்கித் திரும்பியது. முகம் வெளுத்துப் போய்க் கழற்றிவிட்டான்.

"அக்கா, பாதை பிரமாதம். குடல்தான் வெளியே வந்துடும் போல இருக்கு."

நான் பார்க்கிறேன் என்று வந்த அம்மா, ரெண்டு தப்படி வைப்பதற்குள் பக்கத்திலிருந்த பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

குற்றம், கம்ப்யூட்டருக்குள் படத்தை வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டில் இருந்தது. ஹெட்செட்டுக்குப் படம் மளமளவென்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுடைய பழைய கார்டு அந்த வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஓடியது. மரங்களை எடுத்தாள், நிழல்களை எடுத்தாள், மேகங்களை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் போதவில்லை. இனி எடுக்க வேண்டுமென்றால் தொட்டிகளையும் ஈரச் சுவரையும்தான் எடுக்க வேண்டும்.

"குப்பையை எடுத்துட்டா அது நம்ம பாதை இல்ல, பூங்கா" என்றான் மந்திரி.

புதிய கார்டுக்குச் சொல்லிவைத்தால் கூட்டம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்றார்கள். ஆக, ஒரே வழி. இருக்கிற கார்டையே, கம்பெனி வைத்து அனுப்பிய வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஓவர்கிளாக் என்பார்கள். செய்யத் தெரியாதவள் அல்ல, ஆனால் செய்ததில்லை. பேராசைப்பட்டுக் கார்டைக் கெடுத்துக்கொண்டால் கூட்டத்தில் காட்ட ஒன்றுமே இருக்காது. வீட்டில் இருப்பது இந்த ஒரு கம்ப்யூட்டர்.

"அகலக்கால் வைக்காதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள். ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும், அவ்வளவு தூசி. கார்டின் சிப்பு மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துவிட்டுப் புதுப்பசை தடவினாள். வோல்ட்டேஜ் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தாள். கார்டுகள் சாவது பெரும்பாலும் அந்த வழியில்தான். வேகத்தை ஒரு சிட்டிகை கூட்டுவாள். கார்டைப் பிழிந்தெடுக்கிற சோதனை நிரலை ஓடவிடுவாள். சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பாள். தாங்கினால் இன்னொரு சிட்டிகை. கார்டின் நினைவகத்தை அதோடு சேர்த்துத் தொடவில்லை. ரெண்டையும் ஒன்றாகக் கூட்டினால், விழும்போது எது தள்ளிவிட்டது என்று தெரியாது.

மந்திரி குறுக்கெழுத்தை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பான். வேகம் அதிகமானால் படத்தில் எங்காவது ஒரு கலர்ப் புள்ளி மின்னி மறையும். கார்டு கணக்குத் தப்புகிறது என்பதற்கு அடையாளம் அது.

"மூலையில பச்சைப் புள்ளி. உன் கார்டு உளற ஆரம்பிச்சிருச்சு."

உடனே ரெண்டு படி இறங்கிவிடுவாள். ஒரு படி இறங்கினால் போதும் என்பவர்கள் உண்டு. அவள் ரெண்டு படி இறங்குகிறவள்.

இப்படியே எறும்பூரக் கல்லும் தேய்ந்தது. ஒரு நாள் காலை மந்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பாதை முழுக்கப் போய் வந்தான். படம் வழுக்கிக்கொண்டு போயிற்று. "காலைல சாப்பிட்டது இன்னும் உள்ளதான் இருக்கு" என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு அவனிடம் கிடைக்காது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீண்ட சோதனை ஒன்றை ஓடவிட்டு, நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினாள்.

மாலையில் வந்து பார்த்தால் சோதனை பாதியில் செத்துக் கிடந்தது.

கார்டின் சூட்டைக் குறித்துவைக்கிற வரைகோட்டைப் பார்த்தாள். அவள் வீட்டில் இருந்தவரை சமதரையாகப் போன கோடு, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மலையேறியிருந்தது. வேகத்தைக் குறைத்தாள். அவள் உட்கார்ந்து பார்க்கும்போது கார்டு சமர்த்தாக ஓடியது. மறுநாள் வேலைக்குப் போனதும் மறுபடி மலை, மறுபடி சாவு. பசையைத் துடைத்து மறுபடி தடவினாள். ஃபேனைக் கழற்றி மாட்டினாள். இன்னும் குறைத்தாள். ஆள் இருந்தால் ஓடும், போனால் விழும்.

"உன்மேல அதுக்கு அவ்வளவு பாசம். பிரிவைத் தாங்க முடியல" என்றான் மந்திரி. அவன் வேலை செய்வது முன்னறையில். கம்ப்யூட்டர் இருக்கிற பின்னறையில் அவள் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது.

அவள் சிரிக்கவில்லை. குறைத்துக் குறைத்து, வேகம் கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தது. கூட்டமோ நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. உடனே அந்த விரல் ஞாபகத்துக்கு வந்தது. காகிதத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போன விரல். விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பியவள், தெருமுனை வரை போய், குடையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினாள். பின்னறைக் கதவைத் திறந்தால், அம்மா கையும் களவுமாக நின்றுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சின்ன மடக்குக் கம்பி. பெட்டியின் முதுகோடு ஒட்டி நின்றது. அதில் நாலைந்து காலுறைகள், ரெண்டு ஈரத்துண்டுகள். சூடான காற்று வெளியே வருகிற சல்லடைமேல் மூன்றாவது துண்டைப் படியவைத்துக்கொண்டிருந்தாள் அம்மா.

"என்னம்மா இது!"

"சும்மா கத்தாதே. அனல் மாதிரி காத்து வருது, வீணாத்தானே போகுது. ரொம்ப நாளா இப்படித்தான் காயப்போடறேன். நீ இருக்கறப்போ போட்டா திட்டுவேன்னு, நீ போனப்புறம் போட்டு, வர்றதுக்குள்ள எடுத்துருவேன்." பிறகு கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டாள். "இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லடீ. சட்டுனு காஞ்சிருது."

வேகத்தைக் கூட்டியதால் சூடு கூடி, சூடு கூடியதால் துண்டு சீக்கிரம் காய்ந்து, துண்டு சீக்கிரம் காய்ந்ததால் அம்மா இன்னும் ரெண்டு துண்டு சேர்த்துப் போட்டிருக்கிறாள். ஊரில் வேறு எந்த வீட்டுக் கார்டுக்கும் இந்தக் கதி வந்திருக்காது. வரைபடக்காரிக்கு அழுகை வந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த மந்திரி வாசற்படியிலேயே நாற்காலியை நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மா முகம் சிறுத்துப் போய்த் துண்டை எடுக்கப் போனாள்.

"எடுக்காதேம்மா" என்றாள் வரைபடக்காரி.

"ஏன்டீ?"

"அங்கேயே இருக்கட்டும்."

அவள் மனத்தில் சட்டென்று ஒன்று உறைத்தது. கூட்டம் நடப்பது இந்த அறையில் இல்லை. கூட்டம் நடக்கிற மன்றத்தில் கம்ப்யூட்டரை எங்கே வைப்பார்கள், எதை அதன்மேல் சாய்ப்பார்கள், யாருக்குத் தெரியும்? தான் காவல் இருக்கும்போது மட்டும் ஓடுகிற வேகம் ஒரு வேகமா? ஈரத்துண்டோடு ஓடுகிற வேகம்தான் தனக்கு வேண்டும். அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு அப்படி ஒரு கௌரவம் அதுவரை கிடைத்ததில்லை. துண்டு காயக் காய நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து போட்டாள். சல்லடை அடைபட்டு, பெட்டி மூச்சுத் திணறுகிற நிலையிலேயே கார்டை ஓட்டினாள் மகள். சூடு ஏற ஆரம்பித்ததுமே ஃபேன் முன்கூட்டியே வேகமெடுக்கும்படி மாற்றினாள். இரைச்சல் கொஞ்சம் கூடியது, போகட்டும். விழுந்த இடத்திலிருந்து வழக்கம்போல ரெண்டு படி இறங்கினாள். கடைசியில் ஒரு வேகத்தில், சூடு ஓர் அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது. புள்ளி இல்லை, சாவு இல்லை. துண்டு காய்ந்து மொடமொடவென்று ஆனதுதான் மிச்சம்.

ஆனால் அந்த வேகத்தில் படம் மறுபடி ஒரு மயிரிழை திக்கியது. இன்னும் எதையாவது எடுக்க வேண்டும். எதை?

மந்திரி யோசித்தான். "முன்னால பளிங்குப் படி போட்டிருக்கியே, அது எப்பவும் ஓடிக்கிட்டு இருக்கா?"

"ஆமா. அதுதான் பெரிய பாரம். ஒவ்வொரு படியும் மினுங்கணுமே."

"நாற்காலி மூலை திரும்பினதும் எடுத்துடு. அங்கேயிருந்து எனக்கு என்னைக்கு அது தெரிஞ்சிருக்கு?"

மூலை திரும்பியதும் பளிங்குப் படிகள் மறைந்துபோகும்படி செய்தாள். படம் வெண்ணெயாக ஓடியது.

கூட்டத்தன்று மன்றம் நிறைந்திருந்தது. அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வரைபடக்காரி கம்ப்யூட்டரை மேசைக்கு அடியில் வைத்து, காற்றுப் போக மேசை விரிப்பை மேலே சுருட்டி விட்டாள். மந்திரி ஒரு சாதாரண நாற்காலிக்கு மாறிக்கொண்டு, தன் நாற்காலியைத் தலைவரிடம் தள்ளினான்.

"உக்காருங்க சார். பிரேக் போட்டிருக்கு, பயப்படாதீங்க."

தலைவர் பருத்த மனிதர், நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஹெட்செட்டை மாட்டி, ரெண்டு கைப்பிடிகளைக் கொடுத்து, சக்கரத்தைத் தள்ளுவது போல் கைகளைத் தள்ளச் சொன்னாள். அவர் காண்பது எல்லோருக்கும் பெரிய திரையில் தெரிந்தது. ஓரத்தில் கார்டின் சூடு சின்ன எண்ணாக. அந்த எண்ணைப் பார்ப்பது மந்திரியின் பொறுப்பு.

"ஆகா, படி ரொம்ப அழகு!" என்றார் தலைவர்.

"அழகுதான் சார். ஆனா நீங்க பின்பக்கம் போகணும்."

அவர் தள்ளினார். மூலை திரும்பினார். ஜெனரேட்டர் உறுமியது. அப்போது மந்திரி அக்காவின் கையைத் தொட்டான். எண் ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மன்றத்துப் பணியாள் விரிப்பை நாலு பக்கமும் தரையைத் தொடுகிற மாதிரி இழுத்துவிட்டிருந்தார். கோணலாக இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? தலைவரின் கால்கள் மேசைக்கு முன்னால். இப்போது குனிந்து உள்ளே நுழைந்தால் கம்பிகளை இழுத்து எல்லாம் கெடும்.

"விரிப்பை எடுக்கவா?" என்று தம்பி கிசுகிசுத்தான்.

"வேணாம். ஈரத்துண்டைவிட இது ஒண்ணும் மோசமில்ல."

எண் ஏறியது. வீட்டில் எங்கே போய் நின்றதோ அதே இடத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவள் மூச்சை விட்டாள்.

தலைவர் தொட்டிகளைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தார். கை வலித்திருக்க வேண்டும். "இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"பாதி வந்துட்டீங்க சார்."

"பாதிதானா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு வழியாக இரும்புக் கதவுக்கு வந்து, மணியை அடித்தார். மணி மன்றம் முழுக்கக் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தார். திரையில் துருப்பிடித்த கதவும் ஈரச் சுவரும் மட்டும். படம் திக்கவில்லை, திணறவில்லை. கண்ணை எங்கே திருப்பினாலும் சுவர் அங்கே சரியாக இருந்தது. மன்றத்தில் இருமுகிற சத்தம் நின்றது. தலைவர் ஹெட்செட்டின் மேல் கைவைத்தார்.

"இதைக் கழட்டிடலாமா?"

"இன்னும் கதவு தொறக்கலையே சார்" என்றான் மந்திரி. குரலில் கேலி இல்லை. "நானா இருந்தா எழுந்து போக முடியாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து, தான் ஒரு மன்றத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனவர் போல, திடீரென்று உரக்கக் கூப்பிட்டார்.

"யாராவது இருக்கீங்களா? கதவைத் தொறங்கப்பா!"

மந்திரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். தன் குரலை இன்னொருவர் வாயில் அன்றுதான் அவன் கேட்டான்.

அவனுக்கு வழக்கமாக ஆகிற நேரம் முழுக்க ஆன பிறகுதான் கதவு திறந்தது. தலைவர் ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றி முழுக்க வேர்வை. எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலிருந்தபடியே வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மடியில் விரித்துக்கொண்டார்.

"சாய்வுப்பாதை முன்வாசலுக்கு வரணும். அது வர்ற வரைக்கும் இதுல நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

பொறியாளர் எழுந்தார். "விதிப்படி எல்லாமே சரியாத்தான் இருக்கு சார். இந்த அம்மா கொஞ்சம் மிகைப்படுத்தி..."

"அப்படியா?" என்றார் தலைவர். மந்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலி நாற்காலியைப் பொறியாளர் பக்கம் திருப்பினார். "நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம். உங்களுக்குப் பின்னால குழுவுல எல்லாருமே." பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. விரிப்புக்கு அடியிலிருந்து அனல் வீசியதைக் கால் உணர்ந்திருக்கும். வரைபடக்காரியைப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை பேர் உக்காந்தா உன் மெஷின் தாங்குமா?"

"எத்தனை பேர் வேணும்னாலும் உக்காரட்டும் சார்" என்றாள் வரைபடக்காரி. "அதுக்கு எங்கம்மா பரீட்சை வெச்சுத்தான் அனுப்பியிருக்காங்க."

கடைசி வரிசையில் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். மந்திரி குனிந்து, பிரேக் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.